ஸ்டார்ட்னா கிளம்பு

நம்ம ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு வர்ற தம்பி ஒருத்தர், ஐடி வேலையில சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, சாயந்திரம் லண்டன்ல இருக்குற கிளையன்ட்டோட வீடியோ கால். பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சு, இவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, சிரிச்ச முகமா மரியாதையா 'ஓகே சார், ஐ வில் ஸ்டார்ட்'னு சொல்லியிருக்கார். அந்தப் பக்கம் இருந்தவர் 'ப்ளீஸ் டூ'ன்னுட்டு சேர்ல நல்லா சாஞ்சு உக்காந்துட்டாராம். இவருக்கு லேப்டாப்பை மூடவும் முடியல, இந்த மனுஷன் எதுக்கு இப்படி உத்துப் பாக்குறார்னும் புரியல. அவர் ஏதோ ப்ரெசன்டேஷன் வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்கார், இவர் சொன்னதோ 'சரிங்க, நான் கிளம்புறேன்'.

கிளாஸ்ல இதைச் சொன்னப்ப எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் அன்னைக்கு படியிறங்கும்போது 'அக்கா, நான் ஸ்டார்ட் பண்றேன்'னு சொல்லிட்டுதான் வண்டி எடுத்தாங்க, அது வேற. நமக்கு அவ்வளவு பழகிப்போச்சு. 'போறேன்'னு மொட்டையா சொன்னா வீட்ல பெரியவங்க 'போயிட்டு வரேன்னு சொல்லு'ன்னு அதட்டுவாங்க, போயிட்டு வரேனுக்கு இங்கிலீஷ்ல வழி கிடையாது, 'ஐ வில் கோ அண்ட் கம்'னு சொல்லிப் பாத்தவங்களுக்கு அது என்ன ஆகும்னு தெரியும். மிச்சம் இருக்குறது கிளம்புறேன். அதைத் தூக்கி இங்கிலீஷ்ல போட்டா ஸ்டார்ட்.

இதை எப்படித் திருத்துறதுன்னு யோசிக்கப் போய்தான் இந்தக் கட்டுரையே வந்துச்சு. ஏன்னா அந்தத் தம்பி பண்ணது மோசமான மொழிபெயர்ப்புன்னு என்னால சொல்ல முடியல. ஸ்கூல்ல நமக்கெல்லாம் ஸ்டார்ட்னா ஆரம்பி, பிகின்னா ஆரம்பி, கமென்ஸ்னாலும் ஆரம்பின்னு மூணுக்கும் ஒரே அர்த்தம் எழுதிப்போட்டு முடிச்சுட்டாங்க. அதோட ஒப்பிட்டா இவர் போட்டதுதான் அந்தச் சொல்லோட பூர்வீகத்துக்குக் கிட்ட நிக்குது. என்னைக் கேட்டா ஸ்டார்ட்டுக்கு தமிழ்ல அசலான ஜோடி ஆரம்பி கிடையாது, கிளம்பு. பிறவினையா வந்தா கிளப்பு.

எப்படின்னு சொல்றேன்.

பழைய இங்கிலீஷ்ல இந்தச் சொல்லுக்கு துள்ளுறது, குதிச்சு எழும்புறதுங்கிறதுதான் பொருள். ஜெர்மன்ல ஷ்ட்யூர்ட்ஸன்னு ஒரு வினை இருக்கு, பாய்ஞ்சு ஓடுறதுக்கும் தலைகுப்புற விழுறதுக்கும் சொல்வாங்க, அது இதோட சொந்தக்காரன். எதையோ முதல்ல இருந்து செய்ய ஆரம்பிக்கிறதுங்கிற இன்னைக்குள்ள பொதுவான அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. சாமுவேல் ஜான்சன் 1755ல போட்ட டிக்‌ஷனரியை எடுத்துப் பாத்தீங்கன்னா ஸ்டார்ட்டுக்கு அவர் குடுக்குற முதல் அர்த்தம் பயத்துல உடம்பு தன்னை அறியாம ஒரு வெட்டு வெட்டுதே, அதுதான். அதுக்கப்புறம் சட்டுனு எழுறது, வேகமா நகர்றது, அதெல்லாம் தாண்டித்தான் பந்தயத்துல புறப்படுறதும் ஒரு காரியத்துல இறங்குறதும் வருது. அதாவது அந்தக் காலத்து இங்கிலீஷ்காரனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மனசுல வந்தது ஒரு உதறல்.

பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவங்களுக்கு மேக்பெத் ஞாபகம் இருக்கும். சூனியக்காரிகள் மூணு பேரும் நீ ராஜா ஆவேன்னு சொன்னதும் மேக்பெத் திடுக்கிடுறான், பக்கத்துல நிக்குற பாங்கோ ஏன்யா, காதுக்கு இவ்வளவு இனிமையா இருக்குறதைக் கேட்டு எதுக்கு இப்படி அரண்டு போறேன்னு கேக்குறான். அங்க ஷேக்ஸ்பியர் போட்டிருக்குற வினை ஸ்டார்ட்தான். நோட்ஸ் பாக்காம படிச்ச பையன் 'மேக்பெத் ஏன் ஆரம்பிக்கிறான், எதை ஆரம்பிக்கிறான்'னு குழம்பத்தான் செய்வான், ஒரு வகையில அவனும் சரிதான், கொலையெல்லாம் அங்கேருந்துதானே ஆரம்பிக்குது. இதே ஸ்டார்ட்ல இருந்து முளைச்சதுதான் ஸ்டார்ட்டில், திடுக்கிட வைக்கிறது. ஸ்பார்க்ல இருந்து ஸ்பார்க்கிள் வந்த மாதிரி.

(ரெட்ஸ்டார்ட்னு ஒரு குருவி இருக்கு, வாலை சதா ஆட்டிக்கிட்டே இருக்கும். அந்த ஸ்டார்ட் வேற, பழைய இங்கிலீஷ்ல வாலுக்கு இருந்த பேரு. ரெண்டையும் ஒண்ணாக்கி யாராவது கதை சொன்னா நம்பாதீங்க.)

இப்ப நம்ம பக்கம் வருவோம். கிளம்புன்னா என்ன? ஊருக்குப் போறது மட்டுமா? புழுதி கிளம்புது, புகை கிளம்புது, பிரச்சனை கிளம்புது. கீழே படிஞ்சு கிடந்த ஒண்ணு விசுக்குன்னு மேலே எழும்புறது. வேட்டைக்குப் போன பழைய ஆளுங்ககிட்ட பேசினா (இப்ப அது சட்டப்படி குத்தம், பழைய கதையாத்தான் கேக்கணும்) 'புதர்ல ஒரு அடி விட்டோம், முயல் கிளம்புச்சு'ம்பாங்க. நாயை விட்டு முயலைக் கிளப்புறதுன்னு சொல்வாங்க. இங்கிலீஷ் வேட்டைக்காரனும் அச்சு அசலா இதையேதான் சொன்னான், படுத்துக் கிடந்த முயலை விரட்டி எழுப்புறதுக்கு அவன் வச்ச பேரு ஸ்டார்ட் எ ஹேர் (இந்த ஹேர் முடி இல்ல, முயல்). அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அவன் அந்த முயலை வேட்டைக்காட்டுல இருந்து பேச்சுக்குள்ள கொண்டுவந்தான், சபையில புதுசா ஒரு விவகாரத்தை எழுப்பி எல்லாரையும் அது பின்னாடி ஓட விடுறதையும் அதே தொடரால சொன்னான். நாம என்ன பண்ணோம்? புரளியைக் கிளப்புறோம், பீதியைக் கிளப்புறோம், இல்லாத கதையைக் கிளப்பி விடுறோம். அவன் ஸ்டார்ட் எ ரூமர்னு சொல்றான், பிகின் எ ரூமர்னு எந்த இங்கிலீஷ்காரனும் சொல்ல மாட்டான். நாமளும் 'புரளியை ஆரம்பிச்சான்'னு சொல்றதைவிட கிளப்பினான்னுதானே சொல்றோம். யாரும் யாரைப் பாத்தும் காப்பி அடிக்கல. ரெண்டு ஊர்லயும் முயல் ஒரே மாதிரிதான் குதிச்சிருக்கு.

இன்னும் ஒண்ணு இருக்கு, இது யாரும் அவ்வளவா கவனிக்காதது. மரக்கப்பல் காலத்துல கப்பல் பலகை இணைப்புல இருந்து நெகிழ்ந்து வெளிய வந்துட்டா அந்தப் பலகை ஸ்டார்ட் ஆயிடுச்சும்பாங்க. ஆணி பிடிப்பு விட்டு மேலே வந்தாலும் அதே சொல்தான். எங்க வீட்டு ஹால்ல வெயில் காலத்துல நாலு டைல்ஸ் மேலே தூக்கிக்கிட்டு நிக்கும், கொத்தனார் வந்து பாத்துட்டு 'ஏம்மா, டைல்ஸ் கிளம்பிருச்சே'ன்னார். ஆணி கிளம்பிருச்சு, பெயிண்ட் கிளம்பிருச்சு, மொட்டைமாடி தட்டோடு கிளம்பிருச்சு, எல்லாம் அதே குடும்பம். டிக்‌ஷனரி பாத்து மொழிபெயர்க்குறவங்க யாருக்கும் இது தோணாது, கொத்தனாருக்குத் தோணியிருக்கும், ஆனா அவர்கிட்ட யாரும் கப்பல் பலகையைப் பத்திக் கேக்கல.

இந்தத் துள்ளல் உள்ளுக்குள்ள இருக்குறதாலதான் மெஷின் வந்தப்ப இங்கிலீஷ்ல அத்தனை மெஷினும் ஸ்டார்ட்டுக்குப் போய் ஒட்டிக்கிச்சுன்னு நான் நினைக்கிறேன். காரை பிகின் பண்ண முடியாது. இன்ஜினை கமென்ஸ் பண்ணவும் முடியாது. செத்துக் கிடக்குற இரும்புக்கு ஒரு உதை விட்டு எழுப்பணும், அது ஸ்டார்ட். நாமளும் 'வண்டியைக் கிளப்பு'ன்னுதான் சொல்றோம் பாருங்க, 'வண்டியை ஆரம்பி'ன்னு எவனாவது சொன்னானா?

அந்த உதை ஒரு காலத்துல நிஜமாவே உதைதான். பழைய கார்ல முன்னாடி ஒரு ஹேண்டிலைச் சொருகி கையால சுத்தணும், ஸ்பார்க் கொஞ்சம் முந்திக்கிச்சுன்னா இன்ஜின் அந்த ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும், கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை எதுனாலும் உடையலாம். இதுக்கு முடிவு கட்டினவர் சார்லஸ் கெட்டரிங்னு ஒரு அமெரிக்கக்காரர். 1911ல அவர் பண்ண மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்ல வந்துச்சு. அவர் அதுக்கு முன்னாடி பாத்த வேலை கடையில வைக்குற கல்லாப்பெட்டி மெஷினுக்கு கரன்ட் மோட்டார் வைக்கிறது. காரைச் சுத்துற அளவுக்கு மோட்டார் வைக்கணும்னா அது காரளவு பெருசா இருக்கணுமேன்னு எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தப்ப, அவருக்கு கல்லாப்பெட்டி ஞாபகம் வந்திருக்கு, டிராயர் திறக்குறதுக்கு மோட்டார் ஒரு நொடிதானே வேலை செய்யுது, ஒரு நொடிக்குன்னா சின்ன மோட்டாரை அதோட சக்திக்கு மீறி வேலை வாங்கினாலும் எரிஞ்சு போகாதுல்ல. அவ்வளவுதான் ஐடியா. முழு வேலைக்கும் தேவையான பலம் வேண்டாம், அந்த முதல் துள்ளலுக்கு வேண்டியது மட்டும் போதும். இங்கிலீஷ்ல ஸ்டார்ட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த டிக்‌ஷனரியிலயும் இல்ல.

நம்ம ஊர்ல அது 'செல்ஃப்' மட்டும் ஆயிடுச்சு, ஸ்டார்ட்டர் உதிர்ந்து போச்சு. 'செல்ஃப் எடுக்கல அண்ணே, பேட்டரி வீக்கு'ன்னு சொன்னா மெக்கானிக்கு புரியும். கால்ல உதைக்கிறது கிக்கர். 1980ல வந்த டிவிஎஸ் 50ல பெடல் இருக்கும், ஸ்டாண்ட் போட்டு சைக்கிள் மாதிரி நாலு மிதி மிதிச்சா எடுத்துக்கும், ஊர்ல பால்காரர்ல இருந்து வாத்தியார் வரைக்கும் அதைத்தான் மிதிச்சாங்க.

வயக்காட்டுப் பக்கம் ஸ்டார்ட்டர்னா வேற. மோட்டார் ரூம்ல சுவத்துல ஒரு பெட்டி, பச்சை பட்டன், சிவப்பு பட்டன். இன்டக்‌ஷன் மோட்டார் நின்ன நிலையில இருந்து எழும்பும்போது ஓடும்போது இழுக்குறதைப் போல அஞ்சாறு மடங்கு கரன்ட் இழுக்கும், அதை அப்படியே நேரா குடுத்தா லைனே தூங்கிப் போகும், அதனால பெரிய மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பாங்க, முதல்ல ஸ்டார்ங்கிற இணைப்புல குடுத்து கரன்ட்டை மூணுல ஒரு பங்காக் குறைச்சு மெதுவா எழுப்பி, வேகம் பிடிச்சதும் டெல்டாங்கிற இணைப்புக்கு மாத்தும். த்ரீ ஃபேஸ் எப்ப வரும்னு தெரியாத ஊர்கள்ல கரன்ட் வந்ததும் தானே எடுத்துக்குற ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்துச்சு, அப்புறம் செல்போன்ல மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓடுற சமாச்சாரமும் வந்துச்சு. ஆனா பெட்டிக்குத்தான் பேரு ஸ்டார்ட்டர், பேச்சுல எங்க தாத்தா ஒருநாளும் 'மோட்டாரை ஸ்டார்ட் பண்ணு'ன்னு சொன்னதில்ல. 'மோட்டாரைப் போட்டுட்டு வா'தான். அங்க போடு ஜெயிச்சிடுச்சு, லைட்டைப் போடு, ஃபேனைப் போடு, மோட்டாரைப் போடு.

லைட்டுன்னதும் ட்யூப்லைட் ஸ்டார்ட்டர். இப்ப எல்லாம் எல்இடி ஆயிட்டதால சின்னப் பசங்களுக்கு அது என்னன்னே தெரியல, கட்டைவிரல் உசரத்துக்கு வெள்ளையா ஒரு டப்பா, திருகிக் கழட்டலாம். சுவிட்ச் போட்டதும் அதுக்குள்ள இருக்குற குட்டி பல்புல வாயு மினுங்கி, அந்தச் சூட்டுல உள்ள இருக்குற தகடு வளைஞ்சு ஒட்டிக்கும், அப்ப ட்யூபோட ரெண்டு முனையும் சூடாகும், தகடு ஆறினதும் பட்டுனு பிரியும். அந்தப் பிரியுற நொடியில சோக்ங்கிற கம்பிச்சுருள் ஒரு பெரிய வோல்டேஜ் உதை விடும், லைட் பிடிச்சுக்கும். பிடிக்கலைன்னா மறுபடி, மறுபடி. எரிஞ்சதுக்கு அப்புறம் ஸ்டார்ட்டரைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாலும் லைட் பாட்டுக்கு எரியும். இங்கிலீஷ்ல ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்னு ஒரு தொடர் இருக்கு, விட்டு விட்டு, துள்ளித் துள்ளி, நின்னு நின்னு ஒரு வேலை நடக்குறது. கிளாஸ்ல இதுக்கு என்ன உதாரணம் சொல்லலாம்னு நான் யோசிக்கவே வேண்டியதில்ல, பழைய ட்யூப்லைட்டைச் சொன்னா போதும், நாப்பது வயசுக்கு மேல இருக்குறவங்க உடனே தலையாட்டுவாங்க.

ஓட்டப்பந்தயம் இன்னொரு இடம். துப்பாக்கி சுடுறவர் பேரும் ஸ்டார்ட்டர்தான். அங்க அந்தத் துள்ளலை நொடிக்கணக்குல அளக்குறாங்க, சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள்ள ஒருத்தர் எழும்பிட்டா அவர் சத்தத்தைக் கேட்டு எழும்பல, முன்கூட்டியே ஊகிச்சுட்டார்னு அர்த்தம், ஃபால்ஸ் ஸ்டார்ட். 2010ல இருந்து ஒரே ஒரு தடவை பண்ணாலே வெளிய அனுப்பிடுவாங்க. 2011 ஆகஸ்ட் 28, தென்கொரியா டேகுல உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல், உசேன் போல்ட் துப்பாக்கிக்கு முன்னாடியே கிளம்பிட்டார். கிளம்பின மறுநொடி அவருக்கே தெரிஞ்சிடுச்சு, பனியனைக் கழட்டிட்டு போயிட்டார். யோஹான் பிளேக் 9.92ல ஜெயிச்சார். அங்க போல்ட் எதையும் 'ஆரம்பிக்கல'. கிளம்பினார், அவ்வளவுதான்.

சரி, அப்ப பிகின் எதுக்கு? அது அமைதியான ஆள், வயசுலயும் மூத்தவர். கூட்டம் பிகின் ஆகும், கதை பிகின் ஆகும். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் 'இன் த பிகினிங்'னு தொடங்குது, தமிழ் பைபிள்ல 'ஆதியிலே'. அந்த இடத்துல 'இன் த ஸ்டார்ட்'னு போட்டுப் பாருங்க, கடவுள் கிக்கரை மிதிச்ச மாதிரி இருக்கும். 'என்னன்னு சொல்ல, சொல்லி மாளாது'ன்னு நாம சொல்றதுக்கு அவங்க 'ஐ கான்ட் பிகின் டு டெல் யூ'ம்பாங்க, அதுல ஸ்டார்ட் உக்காராது. மத்தபடி மழை, வேலை, அழுகை, சிரிப்பு இதுக்கெல்லாம் எதைப் போட்டாலும் ஓடும், பேச்சுல ஸ்டார்ட் அதிகம், எழுத்துல பிகின் கொஞ்சம் அதிகம். பிகினுக்கு இறந்தகாலம் பிகேன், ஹேவோட வரும்போது பிகன், இதுல தடுமாறுறவங்களுக்கு நான் குடுக்குற குறுக்கு வழி, சந்தேகமா இருந்தா ஸ்டார்ட்டடைப் போட்டுட்டுப் போயிடுங்க.

கமென்ஸ் கோட்டு சூட்டு போட்டது. நார்மன் பிரெஞ்சுக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் கோர்ட்டு கச்சேரி வழியா உள்ள வந்த கூட்டம், அதனால இன்னைக்கும் ஹால் டிக்கெட்லயும் டெண்டர் நோட்டீஸ்லயும்தான் அதைப் பாக்க முடியும். வீட்ல 'சாப்பாடு கமென்ஸ் ஆயிடுச்சு'ன்னா சிரிப்பாங்க. ஆனா இந்தச் சொல்லை நாம சாதாரணமா ஒதுக்கிட முடியாது. நம்ம அரசியல் சட்டத்துல 394ஆவது பிரிவுக்குத் தலைப்பே கமென்ஸ்மென்ட், 1950 ஜனவரி 26 அங்கேதான் வருது. 343ஆவது பிரிவுல இந்த கமென்ஸ்மென்ட்ல இருந்து 15 வருஷத்துக்கு இங்கிலீஷும் ஆட்சிமொழியா தொடரும்னு எழுதியிருக்கு. கணக்குப் போட்டா 1965 ஜனவரி 26. அந்த வருஷம் அந்த மாசம் தமிழ்நாட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நடுவுல 1963ல கொண்டுவந்த சட்டத்துல இங்கிலீஷ் தொடரலாம்ங்கிற இடத்துல 'ஷல்' போடாம 'மே' போட்டாங்கன்னு ராஜ்யசபாவுல அண்ணா சண்டை பிடிச்சார். இங்கிலீஷ் வினைச்சொல் எல்லாம் ஒண்ணுதானேன்னு சொல்றவங்ககிட்ட நான் காட்டுறது இதைத்தான்.

இனி கொஞ்சம் இலக்கணம், சீக்கிரம் முடிச்சுடுறேன். ஸ்டார்ட்டுக்கு அப்புறம் 'டு' போட்டும் எழுதலாம், 'இங்' போட்டும் எழுதலாம், 'ஸ்டார்ட்டட் டு ரெயின்', 'ஸ்டார்ட்டட் ரெயினிங்' ரெண்டும் ஒண்ணு. ஆனா ஸ்டார்ட்டே 'இங்' போட்டுக்கிட்டு ஸ்டார்ட்டிங்கா நின்னா அடுத்ததுக்கு 'இங்' வேண்டாம், 'இட்ஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்'தான், ரெண்டு இங் அடுத்தடுத்து வந்தா காதுக்கு இடிக்கும். புரியுறது, தெரியுறது, உணர்றது மாதிரி மனசுக்குள்ள நடக்குறதுக்கும் 'டு'தான், 'ஸ்டார்ட்டட் டு அண்டர்ஸ்டாண்ட்'. 'டு ஸ்டார்ட் வித்'னு ஒண்ணு இருக்கு, 'முதல் விஷயம் என்னன்னா'ன்னும் அர்த்தம், 'முதல்ல கொஞ்ச நாள்'னும் அர்த்தம், இடத்தைப் பாத்துத்தான் பிரிக்கணும்.

நம்மளோட சொந்தத் தயாரிப்பு 'ஸ்டார்ட்டிங்'. 'ஸ்டார்ட்டிங்ல நல்லாதான் இருந்தான்', 'படத்துல ஸ்டார்ட்டிங் போயிடுச்சு', 'வண்டி ஸ்டார்ட்டிங் டிரபிள்'. ஸ்டார்ட்டிங் டிரபிள்ங்கிறதை நாம மனுஷனுக்கும் போடுவோம், எக்ஸாமுக்கு உக்காந்து படிக்க முடியாதவன், பொண்ணுகிட்ட பேச வாய் வராதவன், எல்லாருக்கும். தமிழ் பேச்சுக்குள்ள இது அருமையான சொல், இதை யாரும் திருத்த வேண்டாம்னு நான் சண்டை போடுவேன். சிக்கல் எங்கன்னா இதை அப்படியே இங்கிலீஷ் வாக்கியத்துல கொண்டுபோய் வைக்கும்போது, 'ஃப்ரம் த ஸ்டார்ட்டிங் இட்செல்ஃப் ஹி இஸ் லைக் தட்'. 'ஆரம்பத்துல இருந்தே'ல இருக்குற அந்த 'ஏ'வை எப்படியாவது உள்ள கொண்டுவரணும்னு ஒரு 'இட்செல்ஃப்'. அங்க 'ரைட் ஃப்ரம் த ஸ்டார்ட்' போதும், அந்த 'ரைட்'தான் நம்ம 'ஏ'.

அந்தத் தம்பியோட 'ஐ வில் ஸ்டார்ட்'டுக்கும் ஒரு நியாயம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல காலையில லண்டனுக்கு ஸ்டார்ட் ஆனார்னு எழுதுறது ரொம்ப சகஜம், நம்மகிட்ட அது வெள்ளைக்காரன் காலத்துலயே வந்து தங்கிடுச்சு, அவங்க ஊர்ல இப்ப 'செட் ஆஃப்', 'ஹெட் அவுட்', 'லீவ்'னு மாறிப்போச்சு. இன்னைக்கும் எங்கேருந்து, எத்தனை மணிக்குன்னு கூடவே சொன்னா அவங்களுக்குப் புரியும். மொட்டையா சொன்னாதான் எதை ஸ்டார்ட் பண்ணப்போறேன்னு பாப்பாங்க. கால்ல இருந்தா 'ஐ நீட் டு டிராப் ஆஃப்', நேர்ல இருந்தா 'ஐ ஷுட் கெட் கோயிங்'னு சொல்லுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். யாழ்ப்பாணத்துல இருந்து வந்து எங்க கிளாஸ்ல சேர்ந்த ஒரு அக்காவுக்கு இந்தக் குழப்பமே வரல, அவங்க ஊர்ல 'வெளிக்கிடுறன்'தான், அது நேரா 'ஹெட் அவுட்'ல போய் உக்காந்துக்கிச்சு.

நடுவுல விண்டோஸை விட்டுட்டேனே. 1995 ஆகஸ்ட் 24 அன்னைக்கு விண்டோஸ் 95 வந்துச்சு, கீழே இடது மூலையில ஸ்டார்ட்னு ஒரு பட்டன். கம்ப்யூட்டர் சென்டர்ல போய் காசு கட்டி படிச்ச தலைமுறைக்கு முதல் இங்கிலீஷ் பாடமே அதுதான். அணைக்கிறதுக்கும் ஸ்டார்ட்டைத்தான் அமுக்கணும்னு சார் சொன்னப்ப உலகம் முழுக்க சிரிச்ச மாதிரி நாங்களும் சிரிச்சோம்.

அப்புறம் ஸ்டார்ட்அப். 2016 ஜனவரி 16ல ஸ்டார்ட்அப் இந்தியா வந்ததுக்கு அப்புறம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் அந்தச் சொல் வந்துடுச்சு. தமிழ்நாடு அரசு அதுக்கு புத்தொழில்னு பேர் வச்சிருக்கு, நல்ல சொல், ஆனா அந்த உதறல் அதுல இல்ல. இதையே தலைகீழாத் திருப்பினா அப்ஸ்டார்ட், அது வசவு. திடீர்னு முளைச்சு துள்ளுறவன், அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்ங்கிற ஆள். 1592ல ராபர்ட் கிரீன்ங்கிற நாடக ஆசிரியர் பேர்ல வந்த ஒரு சின்னப் புத்தகத்துல லண்டன் நாடக உலகத்துல புதுசா தலைதூக்கின ஒருத்தரை அப்ஸ்டார்ட் காக்கான்னு திட்டியிருக்கு. அந்தக் காக்கா ஷேக்ஸ்பியர்தான்னு ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்குறாங்க. திட்டின புத்தகத்தை இன்னைக்கு யாராவது புரட்டினா அது அந்தக் காக்காவுக்காகத்தான்.

இவ்வளவு நேரம் ஸ்டார்ட்னா கிளம்பு, கிளம்புன்னா ஸ்டார்ட்னு அடிச்சுச் சொல்லிட்டேன், இதுல அடங்காத ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஸ்டார்ட் எ ஃபேமிலி. நமக்கு குடும்பம் ஆரம்பிக்கிறதுன்னா தனிக்குடித்தனம் போறது, பால் காய்ச்சுறது, கேஸ் கனெக்‌ஷன் வாங்குறது. இங்கிலீஷ்ல அதுக்கு முதல் குழந்தை பெத்துக்குறதுன்னு அர்த்தம். கிளாஸ்ல இன்னொரு பையன், புதுசா கல்யாணம் ஆனவர், அவரோட வெளிநாட்டு டீம் லீட் பேச்சுவாக்குல ஃபேமிலி ஸ்டார்ட் பண்ற ஐடியா இருக்கான்னு கேட்டிருக்கார். இவர் பெருமையா 'ஆல்ரெடி ஸ்டார்ட்டட் சார், லாஸ்ட் மன்த், இன் வேளச்சேரி'ன்னுட்டார். அவர் பதறிப்போய் வாழ்த்தெல்லாம் சொல்லி 'ஹௌ இஸ் த லிட்டில் ஒன்?'னு கேக்க, நம்ம ஆள் கொஞ்சம் சங்கடமா, 'யெஸ் சார், லிட்டில் ஒன் ஒன்லி. சிங்கிள் பெட்ரூம்.'